வந்தாச்சா என்று கேட்க ஒருத்தி

பிப்ரவரி 3, 2023

தோங்சி இன்றும் ஒட்டரிசியை ஊறப்போட மறந்துவிட்டாள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. போன வருஷம் ஒன்பது. என் மகன் உயிரோடு இருந்தவரை அவள் மறந்ததில்லை. அவன் லாரி கவிழ்ந்த பிறகு வந்த மறதி இது. கேட்டால், "உடம்பு சரியில்ல அத்தை" என்கிறாள். உடம்பு சரியில்லாதவள் டிவி நாடகத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தது எப்படி?

நாங்கள் லாவோஸில் இருக்கிறோம் என்பது எங்கள் வீட்டு ஆன்டெனாவுக்குத் தெரியாது. அது எந்நேரமும் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பேத்தி மாலிவன் அந்தப் பெட்டி முன்னால் வளர்ந்தவள். பத்தொன்பது வயசு. பாங்காக் பேச்சைப் பாங்காக்காரி போலவே பேசுவாள். நான் திட்டும்போது அந்தப் பேச்சிலேயே, நாடகத்துக் கதாநாயகி மாதிரி, மன்னிப்புக் கேட்பாள். சிரிப்பு வந்துவிடும். அது என் தப்பு.

இன்று தோங்சியின் சித்தி மகன் சொம்பெட் வந்தான். பதினோரு வருஷம் கழித்து. என் மகன் சாவுக்கு வராதவன். மாலிவன் கையில் அவன் ஃபோனைக் கொடுத்து எதையோ படிக்கச் சொன்னான். படித்தாள்.

"பாங்காக்ல பொறந்தவளே தோத்துருவா" என்றான். "வடக்க, ஆறு வளையிற இடத்துல புதுசா ஒரு பட்டணம் எழும்பியிருக்கு. ஃபோன் எடுத்துப் பேசற வேலை. ஏசி ரூம். சாப்பாடு அவங்களே போடுவாங்க."

"பாங்காக் பேச்சுக்குப் பாங்காக்ல ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

சிரித்தான். ஃபோனை வாங்கிப் பையில் போட்டான். இதைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 6

மாலிவன் போகவேண்டும் என்கிறாள். தோங்சியும் தலையாட்டுகிறாள். நான் ஒருத்திதான் எதிர். எதிர் என்றால் "அப்பத்தா எல்லாத்துக்கும் எதிர்" என்கிறார்கள்.

"அக்கரைல பேசறதும் நம்ம பேச்சுதானே அப்பத்தா? அப்புறம் என்ன பயம்?"

அக்கரையில் பேசுவது நம் பேச்சுதான். அதை யார் இல்லை என்றது? ஆற்றை விட்டு இறங்கி உள்ளே உள்ளே போனாலும், நாள் முழுக்க பஸ்ஸில் போனாலும், சந்தையில் விலை பேசுவது லாவோதான். இங்கே ஒருத்தர் பேசினால் அங்கே மூன்று பேர், நாலு பேர் பேசுகிறார்கள் என்று ஊர்த்தலைவர் சொல்வார். ஆனால் அங்கே அது வீட்டுக்குள் பேசும் பேச்சு. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் பாங்காக் பேச்சு. எழுத்தும் பாங்காக் எழுத்து. நம் எழுத்தை அங்கே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவள் எழுதப் படிக்கக் கற்றதே அங்கே போய்த்தான், அதனால் அவள் கடிதம் போட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது, நான் எழுதினால் அவளுக்குத் தெரியாது.

அவள் என்றால் புவாலி. என் தங்கை. பெயரை எழுதிவிட்டேன். போதும்.

அவள் வருஷாவருஷம் படகுத் திருவிழாவில் யார் கையிலாவது ஒரு நாட்காட்டி கொடுத்தனுப்புகிறாள். நல்ல தாள், வீணாக்க மனசு வராது, மாட்டிவிடுகிறேன். மேலே தன் ஃபோன் நம்பரை எழுதியிருப்பாள். ஆணியை அந்த நம்பர் மேல்தான் அடிப்பேன். மாலிவன் சின்ன வயசில் ஆணிக்கு அடியில் எட்டிப் பார்த்து அந்த நம்பரைப் பாட்டாக்கிக் கயிறு தாண்டிக் குதிப்பாள், என்னைச் சீண்டத்தான். அதனால் எனக்கும் மனப்பாடம். மறக்க முயற்சி செய்தேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை.

பிப்ரவரி 9

நூல் கட்டும் சடங்கு முடிந்தது. வாழையிலைக் கூம்பு நானே செய்தேன். கூம்பு முழுக்க வெள்ளை நூல் தொங்கவிட்டேன். முன்னாள் துறவி பான் வந்து மாலிவனுடைய உறுப்புக்கு ஒன்றான முப்பத்திரண்டு உயிர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உடம்புக்குள் இருத்தினார். கண்ணில் இருப்பதே கண்ணில் இரு, முழங்காலில் இருப்பதே முழங்காலில் இரு, வழியில் எங்கும் இறங்கிவிடாதே. எல்லாரும் அவள் மணிக்கட்டில் கட்டினோம். முழங்கை வரை வெள்ளை.

அப்புறம் பான், "விருந்தாளிக்கும் கட்டணும் அக்கா, கூட்டிட்டுப் போறவனுக்கு வழி நல்லா இருக்கணும்ல" என்றார்.

அது வழக்கம். மறுக்க முடியாது. சொம்பெட் கையை நீட்டினான். உள்ளங்கையில் அவித்த முட்டை வைத்தேன். நூலை மணிக்கட்டில் இழுத்துத் தடவிக் கட்டினேன். எதைச் சொல்லிக் கட்டுவோமோ அதைத்தான் சொன்னேன். போற காரியம் கைகூடட்டும். தேடினது அகப்படட்டும். வெறுங்கையோட திரும்பாதே.

என் வாயாலேயே சொன்னேன்.

பிப்ரவரி 10

காலை பஸ்ஸில் போனார்கள். மாலிவன் ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். நூல்கள் தெரிந்தன.

திரும்பும்போது பஸ் நின்ற இடத்தில், மண்ணில், நூல் கிடந்தது. ஐந்து இழை. அவிழ்த்தது இல்லை. கத்தியால் வெட்டியது. மூன்று நாளாவது கையில் இருக்கவேண்டும், அப்புறமும் அவிழ்க்க மட்டும்தான் செய்யலாம் என்று எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். அதில் சொம்பெட் கையில் நான் போட்ட முடிச்சும் இருந்தது. என் முடிச்சு எனக்குத் தெரியாதா? பக்கத்தில் முட்டையை நாய் தின்றுகொண்டிருந்தது.

பொறுக்கிக்கொண்டு வந்து அரிசிப் பெட்டிக்குள் போட்டேன். தோங்சியிடம் சொல்லவில்லை. சொன்னால், "எங்க ஆளுங்கன்னா உங்களுக்கு ஆகாதே அத்தை" என்பாள். அந்தப் பேச்சைக் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 5

ஃபோன் வந்தது. நல்லா இருக்கேன் என்றாள். சாப்பாடு நல்லா இருக்கு என்றாள்.

என்னிடம் பாங்காக் பேச்சில் பேசினாள். விளையாட்டாக இல்லை.

"ஏன்டி, அப்பத்தாகிட்ட நம்ம பேச்சு பேச மாட்டியா?"

"இங்க எல்லாரும் இப்படித்தான் பேசணும் அப்பத்தா." அதையும் பாங்காக் பேச்சில்தான் சொன்னாள். பின்னால் ஒரு ஆம்பிளை இருமினான். ஏசி ரூமில் இருமல்.

மார்ச் 19

போன ஞாயிறு சொன்ன அதே வார்த்தைகள். அதே வரிசை. தோங்சிக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரியும். நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, வேலை சுலபம், தோழிகளையும் அனுப்புங்க.

தோழிகளையும் அனுப்புங்க என்பதை மட்டும் வேகமாகச் சொன்னாள், முள்ளைத் துப்புகிற மாதிரி.

ஏப்ரல் 15

வருஷப் பிறப்பு. மாலிவன் வரவில்லை. புத்தருக்கும் எனக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஊற்றினாள். எரிச்சலாக இருந்தது.

ஃபோனில் கேட்டேன்: "கட்டின நூல் இருக்கா?"

"வெட்டிட்டாங்க அப்பத்தா." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். மூச்சு கேட்டது. வைத்துவிட்டாள்.

வெட்டிட்டாங்க. யார்?

அரிசிப் பெட்டியிலிருந்து அந்த ஐந்து இழையை எடுத்துத் தோங்சி முன்னால் போட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெட்டின நுனியைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா வச்சிருந்தீங்களா அத்தை?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

மே 7

நாலு ஞாயிறாக ஃபோன் இல்லை.

மே 22

சொம்பெட் நம்பர் உயிரோடு இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டார்கள். பெரிய பெண், தானாகப் போனவள், எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியாது, எங்கே போய்த் தேடுவது என்றார்கள். தப்பாகவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் தோங்சி சொன்னாள்: "அந்தப் பட்டணத்துக்குப் போன பொண்ணுங்க அக்கரை ஆளுங்களுக்கு ஃபோன் போட்டு ஏமாத்தணுமாம் அத்தை. போலீஸ் மாதிரி, தபால் ஆபீஸ் மாதிரி பேசணுமாம். மாட்டேன்னா அடிப்பாங்களாம். அந்த வேலை ஃபோன்ல அக்கரை நம்பருக்கு மட்டும்தான் போகுமாம்."

"யார் சொன்னா?"

"சந்தையில எல்லாரும் சொல்றாங்க."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் போன பிறகு.

ஜூன் 11

காலையில் என் பட்டன் ஃபோன் அடித்தது. நம்பரைப் பார்த்தேன். ஆணிக்கு அடியில் இருக்கும் நம்பர். எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவேண்டும்? எழுதி வைக்கிறேன், நான் செத்த பிறகு யாராவது நியாயம் சொல்லட்டும். நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அம்மா படகுத்துறையில் வழுக்கி ஆற்றில் விழுந்தாள். தூக்கிவிட்டோம். ஆனால் பயத்தில் அவள் உயிர் அங்கேயே விழுந்துவிட்டது. காய்ச்சல், ஆளைத் தெரியவில்லை. விழுந்த உயிரை மீன் அள்ளும் வலையால் அள்ளிக்கொண்டு வரவேண்டும். வலைக்குள் அவித்த முட்டை, ஒரு பிடி ஒட்டுச்சோறு, விழுந்தவளின் சட்டை, வெள்ளை நூல். ஒருத்தி துறையில் அள்ளிக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கவேண்டும். இன்னொருத்தி வீட்டுப் படியில் நின்று "வந்தாச்சா?" என்று கேட்கவேண்டும். "வந்தாச்சு" என்று பதில் சொன்னால்தான் உயிர் வீட்டுக்குள் நுழையும்.

புவாலியைப் படியில் நிற்கச் சொன்னேன். சரிக்கா என்றாள். விடிந்து நான் துறைக்குப் போனபோது எங்கள் படகு இல்லை. அவளும் அவள் புருஷனும் அக்கரைக்குப் போயிருந்தார்கள். அவன் பழைய ராஜாவின் பட்டாளத்தில் இருந்தவன், புது ஆட்சி பிடித்துக்கொண்டு போகும் என்று பயம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அள்ளினேன். கூப்பிட்டேன். வலையைத் தூக்கிக்கொண்டு படிக்குக் கீழே வந்து நின்றேன். கேட்க ஆள் இல்லை.

அம்மா பதினோராம் நாள் போய்விட்டாள்.

அதனால் எடுக்கவில்லை.

ஜூன் 12

மூன்று தடவை அடித்தது. துணியைச் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன். உள்ளேயும் அடித்தது. தோங்சி வயலில் இருந்தாள்.

ஜூன் 13

ஏழு தடவை. இவளுக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன அவசரம்? செத்துக்கொண்டிருக்கிறாளா? அப்படியென்றாலும் எடுக்க மாட்டேன்.

ஜூன் 14

இன்று அடிக்கவில்லை.

ஜூன் 15

புவாலி வந்துவிட்டாள். பாலம் வழியாக, பஸ்ஸில், கையில் பிளாஸ்டிக் கூடையோடு. முடி முழுக்க வெள்ளை. படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அம்மா மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

"திட்டறதை அப்புறம் திட்டுக்கா. உனக்கு மாலிவன்னு பேத்தி இருக்காளா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு ஒரு ஃபோன் வந்ததாம். பாங்காக் பேச்சு, தபால் அதிகாரிக் குரல். உங்கள் பெயரில் ஒரு பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது என்று. புவாலி சொன்னாள்: "இந்த மாதிரி வாரம் ரெண்டு வரும்க்கா. போதைப்பொருள் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு, பணம் கட்டுன்னு மிரட்டுவாங்க. வைக்கத்தான் போனேன். அப்ப அவ உள்ள என்ன இருக்குன்னு படிச்சா. மீன் அள்ளற வலை ஒண்ணு. அவிச்ச முட்டை ஒண்ணு. ஒட்டுச்சோறு ஒரு பிடி. பொம்பளைப் பிள்ளை சட்டை ஒண்ணு. வெள்ளை நூல்."

தோங்சி கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"நான் வைக்கல. அதிகாரி மாதிரி நானும் பாங்காக் பேச்சிலேயே கேட்டேன், அனுப்பினது யாருன்னு. உன் பேரைச் சொன்னா. நம்ம ஊர் பேரைச் சொன்னா. பார்சல் எங்க கிடக்குன்னு கேட்டேன். வடக்க, புதுப் பட்டணம், மூணாம் கட்டடம், அஞ்சாம் மாடி, ஆத்தைப் பார்த்த பக்கம். சீக்கிரம் எடுக்கலேன்னா வேற ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு சொன்னா. குரல் மாறவே இல்லக்கா. தந்தி படிக்கிற மாதிரி படிச்சா."

"பக்கத்துல ஆள் கேட்டுக்கிட்டு இருந்திருப்பானே?"

"இருந்திருப்பான். வலை, முட்டைன்னா அவனுக்கு என்ன தெரியும்? நம்ம ஆளுங்களுக்குத்தானே தெரியும்."

விழுந்த உயிரை அள்ள வா என்று சொல்லியிருக்கிறாள். அக்கரை நம்பர்தான் போகும், அவளுக்குத் தெரிந்த அக்கரை நம்பர் ஒன்றுதான். கயிறு தாண்டிக் குதித்த நம்பர்.

"மூணு நாளா உனக்கு அடிச்சேன்க்கா" என்றாள் புவாலி. "உன் நம்பரை எங்க ஊர்ப் படகுக்காரன்கிட்ட வாங்கினேன். சொல்லியனுப்ப ஒருத்தரையும் நம்ப முடியல. யார் அவங்க ஆளோ. அதான் நேர்ல வந்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தோங்சி என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் நான் பேசாமல் இருந்த இடங்களை எண்ணினால்... எண்ண வேண்டாம்.

ஜூன் 18

ஊர்த்தலைவர் தெரிந்தவரைப் பிடித்ததில், தலைநகர் வியெந்தியானிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் வேலை செய்கிறவள். சின்னப் பெண், கண்ணாடி, எல்லாவற்றையும் டைப் செய்துகொண்டே கேட்டாள்.

"அந்தக் குரல் உங்க பேத்தியுடையதுன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

புவாலி பார்சலில் இருந்ததைச் சொன்னாள். வலை, முட்டை, சோறு, சட்டை, நூல். அந்தப் பெண் டைப் செய்துகொண்டே வந்தவள் முட்டையில் நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எங்க அம்மாவும் எனக்கு அள்ளியிருக்காங்க" என்றாள். "பைக்ல விழுந்தப்ப."

அப்புறம் வேறு கேள்வி கேட்கவில்லை.

ஜூலை 2

போயிருக்கிறார்கள். போலீசோடு. மூன்றாம் கட்டடம், ஐந்தாம் மாடி, ஆற்றைப் பார்த்த பக்கம். அறை இருந்தது. கட்டில்கள் இருந்தன. ஆள் இல்லை. கீழ் மாடியிலிருந்து ஆறு பெண்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். நம்முடையவள் இல்லை.

அந்த அறைக்காரர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எப்போது என்று கேட்டேன். வியெந்தியான் பெண் சொல்லத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

ஜூன் இருபத்தேழு.

பதினொன்றாம் தேதி அடித்த ஃபோன். பதினைந்தாம் தேதிதான் என் காதுக்கு வந்தது. அங்கே போக ஆள் சேர்க்க, அனுமதித் தாள் வாங்க, அவர்களுக்குப் பதினேழு நாள் ஆகிவிட்டது. நாலு நாள் முன்னால் தொடங்கியிருந்தால் இருபத்தெட்டாம் தேதி போயிருப்பார்கள். அப்போதும் தாமதம்தான். ஒரு நாள். அவள் அப்படித்தான் சொல்கிறாள், என்னைத் தேற்ற.

எனக்குக் கணக்கு வேண்டாம். அது ஏழு தடவை அடித்தது. அரிசிக்குள்ளே கிடந்து அடித்தது. நான் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

ஜூலை 9

புவாலி திரும்பிப் போகவில்லை. ஆற்றங்கரையில் அவள் ஃபோனுக்கு அக்கரை சிக்னல் எடுக்கிறது. மாலிவன் மறுபடி கூப்பிட்டால் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாள் என்று இங்கேயே இருக்கிறாள். என் பாயில் படுக்கிறாள். குறட்டை விடுகிறாள்.

அவள் பேச்சில் பாதி பாங்காக் வார்த்தை. நான் திருத்தினேன். கோபம் வந்துவிட்டது.

"உனக்கென்னக்கா. உன் பேச்சுக்கு ஒரு நாடு இருக்கு, ரேடியோ இருக்கு, எழுத்து இருக்கு. என் மகன் ரெண்டாம் வகுப்புல நம்ம பேச்சு பேசினான்னு கழுத்துல பலகை மாட்டி நிக்க வச்சாங்க. இனி பேச மாட்டேன்னு எழுதின பலகை. அன்னிலேருந்து அவன் எங்கிட்ட பாங்காக் பேச்சுதான். இப்ப அவனுக்கு நாப்பத்தஞ்சு வயசு. என் உயிர் விழுந்தா எந்தப் பேச்சுல கூப்பிடுவான்? அது திரும்பிப் பார்க்குமா?"

இது எனக்குத் தெரியாது. நாற்பத்தேழு வருஷத்துக் கடிதங்களில் எழுதியிருப்பாளோ? நான் படிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டிக்குள் இருக்கின்றன.

ஜூலை 16

தோங்சி சொன்னாள், உடம்பு இங்கே இல்லாவிட்டாலும் உயிர் விழுந்த இடம் இங்கேதானே என்று. சரியாகத்தான் சொன்னாள். பஸ் நின்ற இடத்துக்கு வலையோடு போனேன். முட்டை, சோறு, மாலிவனின் பள்ளிக்கூடச் சட்டை, நூல். நூல் கிடந்த இடத்தில் மண்ணை ஒட்டி அள்ளினேன். வா உயிரே, ஏசி ரூமில் இராதே, மாடியில் இராதே, ஆற்று வளைவில் இராதே, உன் சோறு சூடாக இருக்கிறது, வா.

வீட்டுப் படிக்குக் கீழே வந்தேன். மேலே புவாலி நின்றாள்.

"வந்தாச்சா?" என்றாள்.

நான் வலையை இறுக்கிப் பிடித்தேன். அவள் மறுபடி கேட்டாள். அப்புறம் இறங்கி வந்து வலையின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கும் நான் கேட்டேன்க்கா. நடு ஆத்துல, படகுல இருந்து. நீ துறையில கூப்பிடறது காதுல விழுந்தது. வந்தாச்சான்னு கேட்டேன். உனக்குக் கேக்கல."

பொய்யாகவும் இருக்கலாம். அவள் சின்ன வயசிலிருந்தே பொய் சொல்வாள்.

வந்தாச்சு என்றேன்.

ஆகஸ்ட் 3

சொம்பெட்டைக் கீழ்க்கரை ஊர் ஒன்றில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பெண்களோடு பஸ் ஏறினானாம். கை நிறைய நூல் கட்டியிருந்ததாம். அங்கேயும் யாரோ ஒருத்தி, தேடினது அகப்படட்டும் என்று சொல்லி முடிச்சுப் போட்டிருக்கிறாள். தோங்சி அந்த ஊருக்கு நடந்தே போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். பாதம் வெடித்திருந்தது. வெந்நீர் நான் வைத்தேன்.

ஆகஸ்ட் 20

புவாலி குளிக்க இறங்கியிருந்தாள். அவள் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரே தாவில் எடுத்தேன்.

பாங்காக் பேச்சு. பெண் குரல். மாலிவன் இல்லை. "வணக்கம், உங்கள் பெயரில் ஒரு பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது."

எனக்கு அந்தப் பேச்சு புரியும், பேச வராது. நான் நம் பேச்சிலேயே, காய் விற்கிறவளிடம் கேட்கிற மாதிரி கேட்டேன்: "உள்ள என்ன இருக்கும்மா?"

அந்தப் பக்கம் ஒரு தாள் புரண்டது.

"வலை நாலு" என்றாள். "முட்டை நாலு. சட்டை நாலு."

நாலு பேர்.

"என் வீட்டுச் சட்டையும் அதுல இருக்கா?"

"இருக்கிறது. இந்த நம்பரைத் தந்ததே அந்தச் சட்டைதான், அம்மா."

அம்மா என்பதை மட்டும் நம் பேச்சில் சொன்னாள். தெற்கத்தி இழுவை. சாலவான் பக்கத்தவள். அந்தப் பக்கத்தவர்கள் வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

"எங்க கிடக்கு?"

சொன்னாள். காய்கறிச் சந்தைக்குப் பின்னால், நீலக் கூரைக் கிடங்கு, மாடியில், பூட்டிய பக்கம். பக்கத்திலேயே ஒரு மரக்கடை. நான் வாய்க்குள் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

"அனுப்பினவங்க பேர்?"

"கெயோ" என்றாள். உடனே அவள் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. "பணத்தை இன்றைக்குள் கட்டவேண்டும்" என்று உரக்கச் சொன்னாள். வைத்துவிட்டாள்.

நான் எழுதி முடித்துவிட்டுத்தான் கத்தினேன். புவாலி ஈரத் துணியோடு ஓடி வந்தாள். பத்து நிமிஷத்தில் வியெந்தியான் பெண்ணிடம் சொல்லிவிட்டோம்.

ஆகஸ்ட் 21

அந்த நாற்காலி நகர்ந்த சத்தம்.

செப்டம்பர் 17

கிடங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே போகத் தாள் வரவேண்டும். புவாலி ஃபோனை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறாள். தினமும் யாராவது ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ஒன்றையும் விடாமல் எடுக்கிறோம். உள்ள என்ன இருக்கும்மா என்று கேட்கிறோம். தங்கம் என்கிறார்கள். போதைப்பொருள் என்கிறார்கள்.

அக்டோபர் 12

தாள் வந்துவிட்டது.

அக்டோபர் 25

மாலிவன் கிடைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ்.

அக்டோபர் 27

முட்டை நாலு அவித்தேன். அரிசியைத் தோங்சி நேற்றே ஊறப்போட்டிருந்தாள்.

மூன்று பேர் இறங்கினார்கள்.

மாலிவன் தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். என் கையைப் பிடித்தவள் விடவில்லை, பேசவும் இல்லை. மற்ற இரண்டு பெண்கள் சொன்னார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் கெயோ ஃபோன் பேசி முடித்ததும் கீழே கூப்பிட்டார்களாம். அப்புறம் மேலே வரவில்லை. அவள் செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். போலீஸ் கிடங்கு முழுக்கத் தேடியும் இல்லை. ஆற்றைத் தாண்டி வேறு நாட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி தரையைப் பார்த்தாள்.

நூல் கட்டினோம். மூன்று பேரும் முட்டையைத் தின்றார்கள். ஒன்று மிச்சம்.

அக்டோபர் 28

புவாலியின் ஃபோன் அடித்தது. அவள் மகன்தான். மாலிவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து நிமிர்ந்து நின்று, சுவரைப் பார்த்து, தபால் அதிகாரிக் குரலில் பேச ஆரம்பித்துவிட்டாள். வணக்கம், உங்கள் பெயரில் ஒரு பார்சல்... தோங்சி அவள் வாயைப் பொத்தவில்லை. முடியும்வரை பக்கத்தில் நின்றாள். முடிந்ததும் உட்காரவைத்துச் சோற்று உருண்டையைக் கையில் கொடுத்தாள். இந்த ஒன்பது மாசத்தில் என் மருமகளைப் பற்றி இங்கே எழுதியதில் சிலதை அடிக்கவேண்டும்.

வந்ததிலிருந்து அவள் வாயில் வந்த பேச்சு அது ஒன்றுதான்.

அக்டோபர் 29

மழைக்கால நோன்பு முடிந்தது. அந்தி சாய்வதற்கு முன்பே அக்கரையில் விளக்குப் படகுகளைக் கட்டி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷம் நாட்காட்டி வராது, கொடுத்தனுப்புகிறவள் இங்கே உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறாள்.

மிச்சமான முட்டை இரண்டு நாளாகத் தட்டில் இருந்தது. இன்று புதிதாக ஒன்று அவித்தேன். வலையில் வைத்தேன். சட்டை வேண்டுமே என்று நான் நினைத்தபோது, மாலிவன் தன் பையைத் திறந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தாள். அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறாள். அதை முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கையிலிருந்து வலையை வாங்கிக்கொண்டு துறைக்கு இறங்கினாள். புவாலி பின்னாலேயே போனாள்.

நான் படியில் நின்றேன். இந்த வேலையை நான் ஒரு நாளும் செய்ததில்லை. எப்போதும் வலைப் பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. முதலில் யார் என்று தெரியவில்லை. வா கெயோ. கிடங்குல இராதே. லாரியில இராதே. பூட்டின பக்கம் இராதே. வா, சோறு சூடா இருக்கு. நம் பேச்சு. எங்கள் ஊர்ப் பேச்சு, கொச்சை, ஒரு வார்த்தை பிசகவில்லை.

இருவரும் ஏறி வந்து படிக்குக் கீழே நின்றார்கள்.

"வந்தாச்சா?" என்று கேட்டேன்.

வந்தாச்சு என்றுதான் சொல்லவேண்டும். வேறு பதில் இல்லை. மாலிவன் வலையைக் குனிந்து பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல அப்பத்தா" என்றாள்.

புவாலி என்னைப் பார்த்தாள். சரி என்றேன். வலையை உள்ளே எடுக்கவில்லை. படியிலேயே சாய்த்து வைத்திருக்கிறோம்.